திருக்கழுக்குன்றத்துப் பொங்கல், மாமல்லபுரத்து பிஸ்கட்

தேய்பிறை அஷ்டமி அன்று சாயங்காலம். மாமல்லபுரத்தில் மீனவர் குப்பத்தை ஒட்டி, மணல் தொடங்கும் இடத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்துக் கொட்டினார். வலைகளுக்கிடையே படுத்திருந்த ஐந்தாறு நாய்கள் ஓடிவந்தன. அவர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நாய் பைரவரின் வாகனம். நாய்க்குப் போட்டால் சனியின் பிடி தளரும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறாராம். "எட்டு அஷ்டமி போடணும் சார், இது ஆறாவது" என்றார்.

நான் அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பெட்டை நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மடலுக்குள் உண்ணிகள் ஆமணக்கு விதை போல உப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. தலையை உதறுவதும் ஒரு பிஸ்கட்டைக் கவ்வுவதுமாக இருந்தது. "இதுக்கு வெறிநாய் ஊசி போட்டிருக்காங்களா, தெரியுமா?" என்று கேட்டேன். "அது கவர்மெண்ட் வேலை சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர் நல்ல மனிதர். அதுதான் என்னை உறுத்துகிறது. ஆறு அஷ்டமியாக அந்த நாய்களின் முன்னால் நிற்கிறார். ஒரு முறைகூட அந்தக் காதை அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு அங்கே நாய் தெரியவில்லை, தன் ஜாதகக் கட்டம்தான் தெரிந்தது. மைதாவும் சர்க்கரையும் நாயின் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. உண்ணி உறிஞ்சும் ரத்தத்தை பிஸ்கட் திருப்பித் தராது; உண்ணி பரப்பும் காய்ச்சலையும் அது தடுக்காது.

இதே மாவட்டத்தில் இதைவிடப் பழைய ஊட்டல் ஒன்று இருந்தது. திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலில் இரண்டு பறவைகள் வந்திறங்கும். அர்ச்சகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலைத் தின்னும். சாபம் பெற்ற முனிவர்கள் என்றார்கள். பறவையியலில் அவற்றின் பெயர் மஞ்சள்முகப் பாறு. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த கூட்டத்தைச் சேர்ந்தவை. 1990-களின் இறுதியில் அவை வருவது நின்றுபோனது. பாவம் பெருகிவிட்டது, அதனால் வரவில்லை என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தப் பத்தாண்டில் நாடு முழுவதும் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. காரணத்தை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்: டைக்ளோஃபெனாக், மாட்டின் வலிக்குப் போடும் ஊசி மருந்து. மாட்டுக்கு அது நிவாரணம். அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து சாவு. 2006-ல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. அதற்குள் பாறுகள் தின்றிருக்க வேண்டிய பிணங்கள் எல்லாம் நாய்களுக்குப் போய்விட்டன. பாறுகள் அழிந்ததால் நாய்கள் குறைந்தது 55 லட்சம் கூடின, அதன் விளைவாக வெறிநோயில் 47,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாவம் பெருகியது என்று சொல்லிக் கைகழுவியவர்களின் தெருவில்தான் அந்த நாய்கள் பெருகின.

ஓர் உடம்புக்கு நல்லது இன்னோர் உடம்புக்கு நஞ்சாகலாம். இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாத அன்பை நான் அன்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே சர்க்கரைப் பொங்கலை வீட்டு நாய்க்கு ஒரு கை போடுகிறோம். அதில் நெய்யில் வறுத்த உலர் திராட்சை இருக்கிறது; திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தை ஆசையாக நீட்டும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சிராய்களாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று நாம் விழுங்கும் மாத்திரையில் பாதியைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாறுக்கு நேர்ந்தது அந்த நாய்க்கும் நேரலாம். சோறும் முட்டையும், முள் எடுத்த மீனும், நிழலில் ஒரு சட்டித் தண்ணீரும் போதும். இதில் எதற்கும் நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை அடுக்ககங்களில் சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாய்களை அக்கினி நட்சத்திர வெயிலில் நடத்திக்கொண்டு போகிறார்கள். நாய்க்குப் பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வியர்க்கும். மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். தார்ச்சாலை அதன் காலை எப்படிச் சுடும் என்பது, நம் புறங்கையை அதில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவர்கள் வாயில் "சாதி நாய்" என்ற சொல் கூசாமல் வருகிறது. மேளம் கொட்டிய மக்களின் பெயரை எடுத்துத் தெருநாய்க்குப் "பரையா" என்று வைத்தது ஆங்கிலம். அதை ஆங்கிலேயருக்குக் கற்றுக்கொடுத்தது நம் ஊர்தான். கருவிலேயே உயர்வு தாழ்வு பார்க்கும் புத்தியை நாய்வரைக்கும் நீட்டிவிட்டோம். வெறிநோய்க் கிருமி அதைப் பார்ப்பதில்லை. ஊசி போடாத நாய் எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மந்திரிப்பவர்கள் இன்னும் தொழில் நடத்துகிறார்கள். கடித்த இடத்திலிருந்து அது நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் சில வாரங்கள், இரண்டு மூன்று மாதங்கள். சிலருக்கு இன்னும் அதிகம். மூளையை எட்டி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேர் கட்டுபவருக்கும் வேப்பிலை அடிப்பவருக்கும் இந்த இடைவெளிதான் மூலதனம். கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் இருப்பதில்லை. ஆகவே நூறு பேருக்கு மந்திரித்தால் தொண்ணூறுக்கு மேல் தானாகவே நன்றாக இருப்பார்கள். அத்தனை பேரும் அவர் கைராசிக்குச் சாட்சி. மூன்றாம் மாதம் தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகிச் சாகும் பிள்ளை சாட்சி சொல்ல வருவதில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின்படி அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர்.

கடிபட்டால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள், பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். பிறகு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசிக்கு அங்கே காசு கிடையாது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் பழங்கதை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தை நாடு கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இந்த நோயோடு மல்லுக்கட்டிய ஊர் நம்முடையது. கிருமியைப் பற்றி நமக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

"கவர்மெண்ட் வேலை" என்றாரே, அதிலும் பாதி உண்மை இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 2012-ல் ஒப்புதல் தந்து, 594 கோடி ரூபாய்த் திட்டமாக எச்.எல்.எல். பயோடெக் தடுப்பூசி வளாகத்தை ஒன்றிய அரசு கட்டியது. அங்கே தயாராக வேண்டிய ஊசிகளின் பட்டியலில் வெறிநோய் ஊசியும் உண்டு. 2021-ல் கொரோனாவில் மக்கள் ஊசிக்கு அலைந்தபோது அந்த வளாகம் உற்பத்தி தொடங்காமல் கிடந்தது. மே மாதம் அன்றைய முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படையுங்கள் என்று கேட்டார். கோயில் குளத்துக்கு வேலி போடவில்லை என்றால் மறியல் செய்கிற ஊரில், அந்தக் கதவைத் திற என்று எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம்?

மீதிப் பாதி நம்முடையது. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுக்கொன்று. ஜூலை 6 அன்று, 1885-ல் பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்ட நாள் என்பதால், அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே முகாம் நடத்துகிறார்கள். வாசலில் நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலை வைத்து நாயை விரட்டலாம் என்று நம்பும் தெருக்கள், அந்த ஒரு நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தால் என்ன?

அந்த வெள்ளை நாயை மறுவாரம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எனக்கு அது அகப்படவில்லை. குப்பத்தில் மீன் வறுத்து விற்கும் ஓர் அம்மா கூப்பிட்டதும் வந்து அவர் காலடியில் படுத்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மருத்துவர் இடுக்கியால் உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட, அந்த அம்மா முந்தானையால் அதன் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டு முடித்ததும் உதவியாளர் தடுப்பூசி அட்டையை எழுத உட்கார்ந்தார். "ஓனர் பேரு?"

நான் தெருநாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என் பேரையே எழுதிக்கப்பா" என்றார் அந்த அம்மா. அட்டையை வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார்.