பந்தல் பிரித்த பிறகு

தமிழில் புத்தகம் வருகிற மாதம் ஜனவரி. வெளியீட்டு விழா, ஸ்டாலில் கையெழுத்து, நண்பர்களோடு செல்ஃபி என்று எழுத்தாளர் பம்பரமாகச் சுழல்வார். பொங்கல் கழிந்து, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சியின் பந்தலைப் பிரித்ததும் பேச்சு அடங்கிவிடும். மார்ச்சில் விசாரித்தால், "அதெல்லாம் பதிப்பாளர் பார்த்துக்குவார்" என்பார். பதிப்பாளரோ அடுத்த ஜனவரிக்கான பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புத்தகக் காட்சிக்கு வருகிறவர்களில் பலர் என்ன வாங்குவது என்று முன்பே முடிவுசெய்துகொண்டுதான் வருகிறார்கள். ஆண்டு முழுக்கக் காதில் விழுந்த பெயர்களே அவர்கள் கையிலுள்ள துண்டுச் சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டில் இடம்பிடிக்கும் வேலை மற்ற பதினொரு மாதங்களில் நடக்க வேண்டியது. அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது எந்த வாரமும் தவறக் கூடாது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? சென்னிமலை நெசவாளர்களைப் பற்றி ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகநூலில் தினமும் அட்டைப்படத்தைப் போட்டால் அதே நாற்பது நண்பர்கள் அதே இதயக்குறியைப் போடுவார்கள். அதைவிட, இந்த வாரம் ஈரோட்டுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவருக்கு, அடுத்த வாரம் கைத்தறிச் சங்கக்காரர் ஒருவருக்கு, அதற்கடுத்து ஒரு நூலக வாசகர் வட்டத்துக்கு என்று ஆளறிந்து எழுதலாம். நான்கு வரி போதும்: நான் யார், புத்தகம் எதைப் பற்றியது, குறிப்பாக உங்களுக்கு ஏன் எழுதுகிறேன், எங்கே கிடைக்கும். மூன்றாவது வரிதான் உயிர். அதை எழுத முடியவில்லை என்றால் அந்த ஆளுக்கு அனுப்பவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை கடைப்பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். பதிப்பகத்தில் பிரதி இருக்கிறதா? இணையக் கடைகளில் 'இருப்பு இல்லை' என்று கிடக்கிறதா? தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் ஏராளம். அந்த வடிவமும் பதிவாகியிருக்கிறதா? ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் என்றால், தன் நாவல் அங்கே போகும் பெட்டியில் ஏறுமா என்று ஜூனிலேயே கேட்டுவிட வேண்டும். விற்கும் என்று தெரிந்ததைத்தான் ஸ்டால்காரர் முதலில் அடுக்குவார்.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 முதல் விற்பனையில் உள்ளன. நூலை நாமே வெளியிடும் கிண்டில் சேவையின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. பதிலுக்கு அந்தக் காலத்தில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். அந்த நாட்களை முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் கழிப்பவர்களே அதிகம். உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23ஐ ஒட்டி வைத்து, ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவைத்தால் பலன் உண்டு. படித்தவர்களிடம் மதிப்புரையும் கேட்க வேண்டும். நம்மவர்கள் போனில் அரை மணி நேரம் பாராட்டுவார்கள், எழுதச் சொன்னால் மறைந்துவிடுவார்கள். "இப்போது சொன்னதையே இரண்டு வரியாகப் புத்தகத்தின் கிண்டில் பக்கத்தில் போடுங்கள்" என்று அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

தன் புத்தகத்தைத் தானே விற்பதா என்ற கூச்சம் இன்னும் பலருக்கு இருக்கிறது. பாரதிக்கு அது இல்லை. 1920இல் கடையத்திலிருந்து அவர் அனுப்பிய சுற்றறிக்கையில், தன் எழுத்துகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல எங்கும் விற்கும் திட்டம் இருந்தது. போட்ட கணக்கு நடக்கவில்லை. ஆனாலும் அச்சுச் செலவு, லாபம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டது ஒரு கவிஞர்.

விற்பனை எண்ணிக்கையை மட்டும் வாராவாரம் பார்க்கக் கூடாது, எழுத்து கெட்டுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இடைப்பட்ட காலத்தில் யாருக்கு எழுதினோம், யார் பதில் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவரலாம். அடுத்த நாவலின் மதிப்புரைப் பிரதிகள் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.