கூண்டு ஏற்றிய பின் தவக்குல்

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்கால் கரையில் நம் பேச்செல்லாம் வானத்தைப் பற்றியதாகவே இருக்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், பலத்த காற்றுடன் மழை பெய்யும் என்று செய்தி வரும். அப்போது நம்மில் சிலர், "மழை இறங்கும் நேரம் அல்லாஹ் ஒருவனே அறிந்த மறைபொருளாயிற்றே! மனிதன் சொல்வதை நம்பி ஓடுவது ஈமானுக்கு அழகா?" என்று கேட்கிறார்கள். பக்தியோடு கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் ஆராயாமல் விடக்கூடாத கேள்வி.

வானிலை ஆய்வாளர் மறைவான ஞானத்திற்கு உரிமை கொண்டாடவில்லை. காரைக்காலில் உள்ள ராடாரும் விண்ணில் சுற்றும் செயற்கைக் கோளும் ஏற்கனவே திரண்டுவிட்ட மேகத்தைத்தான் காட்டுகின்றன. அதன் போக்கைக் கணித்து 'பெய்யக்கூடும்' என்கிறார்கள். கணக்கு தவறுவதும் உண்டு. வானம் கறுத்ததும் களத்து நெல்லை வாரிக் குவிக்கும் உழவர் செய்வதும் இதுவே. அவரை ஈமான் குறைந்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

கருமேகமும் காற்றும் கண்டால் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை தெரியும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மழை மேகமென்று ஆது சமூகத்தார் மகிழ்ந்து வரவேற்றது வேதனையாக முடிந்ததை நபியவர்கள் நினைவுகூர்வார்கள். குளிரும் மழையுமான இரவில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் அவர்களே. கட்டாமல் விடுவதற்குப் பெயர் தவக்குல் அல்ல, அசட்டை.

1977 நவம்பர் 12ல் நாகை அருகே கரை கடந்த புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2018 நவம்பர் 16ல் அதே கடலோரத்தில் 'கஜா' வந்தபோது பல்லாயிரம் பேர் முன்கூட்டியே முகாம்களுக்குச் சென்றிருந்தனர். இழப்பு இருந்தது, ஆனால் அந்த அளவில் இல்லை. தென்னந்தோப்புகளை மட்டும் எவராலும் காக்க இயலவில்லை. 2008 நவம்பர் 27ல் 'நிஷா' கரை கடந்தது நம் காரைக்கால் அருகே. பேரழிவைத் தந்ததோ காற்றைவிட உள்நாட்டில் கொட்டிய மழை. முயற்சி நம்முடையது, முடிவு அவனுடையது என்பதை இவை உணர்த்துகின்றன.

இன்னொன்றையும் நாம் எண்ண வேண்டும். "கடலுக்குப் போகாதீர்கள்" என்று சொல்வது எளிது. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் படகை இழுத்துக் கரையேற்றியவர் வீட்டில் அன்று உலை கொதிக்குமா? அறிவித்தபடி புயல் வராமல் திரும்பிவிட்டால், பசித்த வயிறு அடுத்த எச்சரிக்கையை நம்புமா? பட்டினியால் ஒருவர் துணிந்து கடலில் இறங்கினால், வயிறு நிறைந்து கரையில் இருந்த அண்டை வீட்டாராகிய நமக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

ஆகவே கூண்டு ஏற்றிய நாளில் நம் கடமை இரண்டு. கேட்ட செய்தியை அமானிதமாகக் கருதி, கேளாதவர் வாசலில் போய்ச் சொல்வது ஒன்று. மதம் பாராமல் அவ்வீட்டுக்கு அரிசி கொண்டுசெல்வது மற்றொன்று. பள்ளிவாசல் கதவையும் திறந்து வைப்போம். அதன் பின் கையேந்தினால் அந்த துஆவுக்குப் பொருளுண்டு.

வல்ல ரஹ்மான் இம்மழையை ரஹ்மத்தாக்கித் தருவானாக! ஆமீன்.