கருவி முந்தியதா, வினை முந்தியதா?

பழைய கார்களைப் பழுதுபார்ப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளும் கருவிகள் பெரும்பாலும் ஒரே ஒரு நட்டுக்காகப் பிறந்தவை. கடையில் விற்கும் ஸ்பானர் எந்த வண்டிக்கும் பொருந்தும்படி அளவிட்டுச் செய்யப்பட்டது. பட்டறையில் வளைத்த ஸ்பானரோ, கை நுழையாத ஒரு சந்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட நட்டைத் தவிர வேறெதையும் சரியாகத் திருப்பாது. அறிவு எங்கே இருக்கிறது, கையிலா, மனத்திலா, கருவியிலா என்று தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியை இந்த எளிய பொருளை வைத்தே ஆராயலாம்.

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை தயாரானது. அதன் 1798 சிசி எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். இவற்றில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்தவை. எம்ஜிபியில் கார்புரேட்டர்களைக் கழற்றிய பிறகும் சில நட்டுகள் கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை. விரல் நுனி தொடும், ஸ்பானரும் நுழையும், ஆனால் திருப்ப இடம் இருக்காது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானரை எடுத்து மறுபடி மாட்டக் குறைந்தது 30 டிகிரி திருப்பியாக வேண்டும். அந்த 30 டிகிரிக்குள் குழாயோ தகடோ குறுக்கே வந்து நிற்கும். அளவிலும் ஏமாற வழி உண்டு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் அதில் உட்காரும்; ஆனால் அந்த 0.3 மில்லிமீட்டர் தளர்வே இறுகிப்போன நட்டின் மூலைகளை மழுக்கிவிடப் போதும்.

இப்படிப்பட்ட நட்டுக்கு ஸ்பானர் வளைக்கும் வேலை சந்தின் வடிவத்தை அறிவதில் தொடங்குகிறது. கண் எட்டாத இடத்துக்குள் கட்டுக்கம்பி ஒன்றைச் செலுத்தி, இடிக்கும் இடங்களில் மடித்து மடித்து, நட்டைத் தொட்டதும் மெல்ல வெளியே எடுப்பார்கள். கம்பி எடுத்த வடிவமே ஸ்பானருக்கு மாதிரி. பிறகு ஒரு பழைய ரிங் ஸ்பானரின் கைப்பிடியைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, வளைக்கப்போகும் இடத்தில் குரோம் பூச்சைத் தேய்த்து நீக்கி, ரிங்கை ஈரத்துணியால் சுற்றி, கேஸ் தீயில் அந்த இடம் மட்டும் நன்றாகச் சிவக்கும்வரை காய்ச்சுகிறார்கள். வைஸில் பிடித்து, கம்பியோடு ஒப்பிட்டபடி வளைக்கிறார்கள். சிவந்த எஃகைத் தண்ணீரில் முக்கக் கூடாது, முக்கினால் அந்த இடம் கடினமாகி ஒடியும். காற்றிலேயே ஆற வேண்டும். ரிங் வரை சூடு ஏறிவிட்டால் டெம்பர் போய், முதல் அழுத்தத்திலேயே அதன் வாய் விரிந்துவிடும். கடைசியாக ரிங்கின் வெளிச்சுவரைச் சற்றே தேய்த்து மெலிதாக்குகிறார்கள். அதிகம் தேய்த்தால் பலம் போகும், குறைவாகத் தேய்த்தால் உள்ளே நுழையாது.

ஒரு ஸ்பானரைச் செய்ய கிரைண்டர், வைஸ், தீ எல்லாம் தேவைப்பட்டன. அவற்றைச் செய்ய வேறு கருவிகள், அவற்றுக்கும் முன்னால் வேறு சில. இப்படிப் பின்னோக்கிப் போனால் முதல் கருவி எப்படித்தான் பிறந்திருக்கும்? இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்து வைத்தவர் ஸ்பினோசா. அறிவைச் சீர்திருத்துவது பற்றி அவர் எழுதி முடிக்காமல் விட்ட நூல், அவர் இறந்த 1677-ஆம் ஆண்டிலேயே வெளியானது. இரும்பை அடிக்கச் சுத்தியல் வேண்டும், சுத்தியலைச் செய்ய இன்னொரு சுத்தியல் வேண்டும், ஆகவே மனிதனால் இரும்பை அடிக்கவே முடியாது என்று ஒருவர் வாதிட்டால் எவ்வளவு வீணோ, அவ்வளவு வீண்தான் உண்மையை அறிய முதலில் ஒரு முறை வேண்டும், அந்த முறையை அறிய இன்னொரு முறை வேண்டும் என்ற வாதமும் என்று அதில் காட்டுகிறார். மனிதர்கள் இயல்பாக வாய்த்தவற்றைக் கொண்டு எளிய பொருள்களைக் கரடுமுரடாகச் செய்தார்கள். அவற்றால் சிறந்தவற்றைச் செய்தார்கள். மனமும் அப்படித்தான் முன்னேறுகிறது என்பது அவர் துணிபு. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தவர் அவர். கருவியைத் தேய்த்துச் சரிசெய்வதன் அருமை அவருக்குக் கைவழியாகவே தெரிந்திருக்கும்.

அப்படியானால் முதலில் நிற்பது கையா, அறிவா? இது ஸ்பினோசாவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முந்தைய சண்டை. கை இருப்பதால்தான் விலங்குகளில் மனிதன் அறிவாளி ஆனான் என்றார் அனக்சகோரஸ். அரிஸ்டாட்டில் இதைத் தலைகீழாக்கினார்: அறிவாளி என்பதால்தான் மனிதனுக்குக் கை வாய்த்தது, குழல் வாசிக்கத் தெரிந்தவனிடம் குழலைக் கொடுப்பதே முறை, குழல் வைத்திருக்கிறான் என்பதற்காக வாசிப்பைக் கொடுப்பதல்ல. கையை அவர் கருவிகளுக்கெல்லாம் கருவி என்றும் சொன்னார்.

தத்துவ வரலாற்றில் அரிஸ்டாட்டிலின் பதிலுக்கே மதிப்பு அதிகம். ஆனால் கட்டுக்கம்பியை வைத்துப் பார்த்தால் அனக்சகோரஸின் பக்கம் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவதைவிட வலுவானது. சந்தின் வடிவம் மெக்கானிக்கின் மனத்தில் முன்பே இருந்து கம்பியில் இறங்கவில்லை. கம்பி எங்கெங்கே இடித்ததோ அங்கெல்லாம் அவர் கற்றுக்கொண்டார். கை தடுக்கப்பட்ட பிறகுதான் எண்ணம் உருவாகிறது. வளைந்த கம்பி, நினைத்து முடித்த ஒன்றின் படம் இல்லை; நினைப்பே அந்தக் கம்பியில்தான் நடந்தது. அரிஸ்டாட்டிலுக்கும் இதில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. கம்பியை உள்ளே விட வேண்டும் என்று தோன்றுவதற்கே, இங்கே ஒரு வடிவம் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவரலாம் என்று காணும் மனம் வேண்டும். அந்த மனம் இல்லாதவரின் கையில் கம்பி வெறும் கம்பியாகவே இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி வேறு உருவில் திரும்பியது. கில்பர்ட் ரைல் 1949-இல் வெளியான தம் நூலில், ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பதையும் ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பதையும் பிரித்தார். அறிவோடு செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் மனத்தில் ஒரு விதியை எண்ணிப்பார்த்தாக வேண்டும் என்றால், அப்படி எண்ணுவதும் ஒரு செயல்தான், அதற்கு முன்னால் இன்னொரு விதி வேண்டும் என்று முடிவே இல்லாமல் போகும் என்பது அவர் வாதம். ஸ்பினோசாவின் சுத்தியல் இங்கே மறுபடி வருகிறது. மைக்கேல் பொலானி 1966-இல் இன்னும் நுட்பமாகச் சென்றார். கோலால் தடவி நடக்கும் பார்வையற்றவர் உள்ளங்கையில் படும் அழுத்தத்தை உணர்வதில்லை. கோலின் நுனி எதைத் தொடுகிறதோ அதையே உணர்கிறார். நீண்ட எக்ஸ்டென்ஷனின் முனையில் சாக்கெட்டை மாட்டி இருட்டுக்குள் நட்டைத் தேடும் மெக்கானிக்கும் அப்படியே. நட் ஒழுங்காக உட்கார்ந்ததா, மரை ஏறிப் பிணங்கியதா என்பதை அவர் இரும்பின் மறுமுனையிலிருந்து அறிகிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் முழுதாகச் சொல்லிவிட முடியாது. சொல்ல முடியாததால் அது குறைந்த அறிவு என்று ஆகிவிடாது. படித்தவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தவறு செய்கிறார்கள்.

சைவ சித்தாந்தம் இதே பொருளைக் காரணங்களின் வழியே அணுகுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்துக்கும் இதே முறையில் மாயை முதற்காரணமாகவும், சக்தி துணைக்காரணமாகவும், சிவன் நிமித்த காரணமாகவும் கொள்ளப்படுகின்றன. இறைவனின் சக்தி இறைவனை விட்டுப் பிரியாதது, வெளியிலிருந்து கிடைத்ததும் அல்ல. மனிதனின் நிலை வேறு. அவன் துணைக்காரணங்களை வெளியே தேடித்தான் ஆக வேண்டும். பட்டறையில் வளைத்த ஸ்பானர் ஒரு வினைக்குக் காரியம், அடுத்த வினைக்குத் துணைக்காரணம். தன் துணைக்காரணத்தைத் தானே செய்துகொள்ளும்போது மனிதன் தன் வரம்பைக் கொஞ்சம் நகர்த்துகிறான், கடப்பதில்லை.

திருக்குறள் வினைசெயல்வகையில், செய்யும் முன் எண்ண வேண்டிய ஐந்தில் கருவியும் ஒன்று; காலமும் இடமும் அதனோடு நிற்கின்றன. பொருளும் வினையும் மற்ற இரண்டு. இந்த நட்டைப் பொறுத்தவரை இடம்தான் கருவியின் வடிவத்தை முடிவு செய்கிறது.

இடம் தடுக்கும்போது எதை மாற்றுவது என்ற அறக்கேள்வியும் இதோடு சேர்ந்தது. ஸ்பானர் எட்டாத இடத்தில் தகட்டை வெட்டி ஓட்டை போடுவது விரைவான வழி. வேலை அப்போதைக்கு முடியும். ஆனால் அந்த ஓட்டை காரில் நிலைத்துவிடும். அங்கே துரு பிடிக்கும், தகட்டின் பலம் குறையும், அடுத்து வாங்குபவருக்கு முந்தையவரின் அவசரமும் சேர்ந்தே கைமாறும். கருவியை வளைப்பவர் வண்டியைத் தொடாமல் தன் பக்கத்தில் மாற்றத்தை ஏற்கிறார். நட் கழன்று, வேலை முடிந்து, எல்லாம் திரும்பப் பூட்டப்பட்ட பிறகு காரில் அவர் வந்துபோன தடமே இருக்காது. ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ செய்த பொருளை மதிக்க இதைவிட நேரான வழி இல்லை. ஓட்டை போடுவது எல்லா நேரத்திலும் தவறு என்று சொல்ல முடியாது. தினமும் சரக்கு ஏற்றி ஓடும் வண்டிக்கு அது நியாயமாகவும் இருக்கலாம். பாதுகாக்கவென்றே வைத்திருக்கும் காருக்கு அந்த நியாயம் எட்டாது.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆயுத பூசையன்று ஸ்பானர்களைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்குகிறார்கள். அதே நாளில் வீடுகளில் ஏடுகளும் புத்தகங்களும் சரஸ்வதி முன்னால் அடுக்கப்படுகின்றன. ஏட்டறிவையும் கருவியையும் ஒரே பூசையில் வைத்த மரபு, ரைல் பிரித்த இரண்டையும் ஒரே மணையில் உட்கார்த்தியிருக்கிறது. அந்த வரிசையில் அறுத்து வளைத்த ஸ்பானருக்கும் பொட்டு உண்டு.

ஆயினும் அந்த ஸ்பானரில் இருக்கும் அறிவு தானாகப் பேசாது. செய்தவர் இல்லாமல் போனால், எந்த வண்டியின் எந்த நட்டுக்கு அது என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். அதனால்தான் சில மெக்கானிக்குகள் கைப்பிடியில் வண்டியின் பெயரையும் நட்டின் இடத்தையும் பெயிண்டால் எழுதி வைக்கிறார்கள், கூடவே வேலை பழகும் பையனின் கையிலேயே ஒருமுறை கொடுத்துத் திருப்பவும் வைக்கிறார்கள்.