பொய்ப் பல்

மிஞ்சியிருந்த பற்களையும் பிடுங்கி, உப்பு வெந்நீரில் நாள்கணக்காகக் கொப்பளித்து, ஈறு ஆறிய பிறகு பல் செட் மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் வாயெல்லாம் எச்சில். ‘சரஸ்வதி’ என்று கூப்பிட்டால் சீட்டி அடித்தது. பேரன் கேட்டான்: “தாத்தா, பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்றீங்களே, வாயிலேயே பொய்ப் பல் வெச்சிருக்கீங்களே?”

சிரித்து மழுப்பினேன். ஆனால் செட்டுக்கடியில் மாட்டிய எள்ளைப் போல் அந்தக் கேள்வி உறுத்தியது.

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். நீர்யானைத் தந்தமும் மனிதப் பல்லும் கொண்டு அவருக்குச் செட்டுகள் செய்தார்கள். 1784-ம் வருஷத்து அவர் கணக்கில் ஒரு செலவு இருக்கிறது: கறுப்பு மக்களிடம் ஒன்பது பற்கள் வாங்கிய வகையில். விலை கொடுத்தது உண்மை. பல்லும் நிஜப் பல். ஆனால், ‘தர மாட்டேன்’ என்று சொல்ல அடிமைக்கு வாய் ஏது?

என்னுடையது வெறும் அக்ரிலிக். யார் வாயையும் காலி செய்யாமல் வந்தது. இரண்டில் எது பொய்ப் பல்?

இந்தப் பதிலோடு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் இரவில் செட்டைக் கழற்றிக் கிண்ணத்து நீரில் போடும்போது வேறொன்று தோன்றுகிறது. ‘நிஜம் போலவே இருக்கிறது’ என்று நீங்கள் பாராட்டிய என் கதைகளில் எத்தனை, பிறர் வாயிலிருந்து கேளாமல் பிடுங்கியவை?

பேரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.