கண் திறந்த விசுவாசம்

கிறிஸ்தவ வீட்டில் பிறந்து அறிவியலும் படித்தவர்களுக்கு ஒரு வயதில் அந்தக் கேள்வி வந்தே தீரும்: இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்து வாழ முடியுமா? ஞாயிறு ஆராதனைக்கு ஒரு மனம், திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு இன்னொரு மனம் என்று பாகம் பிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வாலிபர் கூட்டத்தில் யாராவது வாய்விட்டுக் கேட்டுவிட்டால், பேச்சு நேரே ஆதியாகமத்தின் ஆறு நாட்களுக்கோ கலிலியோ மீதான விசாரணைக்கோ போய்ச் சேரும். அந்த விவாதங்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கு எப்படி வாழ்வது என்பதற்கு அவற்றிலிருந்து எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. எனக்கு வழி காட்டியது ஒரு நோயின் வரலாறு. அதன் முக்கியமான பக்கங்கள் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் எழுதப்பட்டவை.

தொழுநோயைச் சொல்கிறேன். வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வருகிற நோய் அது. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தின்படி ஆசாரியன் தோலைப் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால், அந்த மனிதன் பாளயத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். அங்கே சொல்லப்படுவது இன்று நாம் அறிந்த தொழுநோய்தானா, பலவகைத் தோல் நோய்களா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் அந்தத் தீட்டின் பாரம் முழுவதும் இந்த நோயாளிகள் தலையில்தான் இறங்கியது. அதே வேதாகமத்தில்தான் இயேசு கையை நீட்டிக் குஷ்டரோகியைத் தொடுகிறார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். சபையின் நீண்ட வரலாற்றில் இந்த இரண்டு போக்கும் உண்டு. ஒதுக்கிவைத்ததும் சபைதான், ஒதுக்கப்பட்டவர்களுக்கு இல்லம் கட்டி, கஞ்சி ஊற்றி, புண் கழுவியதும் சபைதான்.

1873ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் மறக்க முடியாதது. அந்த ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் அர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர், தொழுநோயாளிகளின் தோல் முடிச்சுகளிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துக் குச்சி போன்ற கிருமிகளைக் கண்டார். இது பரம்பரை வியாதி என்று பெரிய மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். சாபம் என்று நம்பியவர்களுக்கும் பரம்பரை என்று நம்பியவர்களுக்கும் ஒருசேரப் பதில் சொன்ன கண்டுபிடிப்பு அது. அதே 1873இல் பெல்ஜியத்துப் பாதிரியார் டேமியன், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலொக்காயில் தொழுநோயாளிகள் கொண்டுபோய் விடப்பட்ட குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்களோடு உண்டார், அவர்களுடைய புண்ணைக் கழுவினார், இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார். கடைசியில் அவரும் அதே நோயால் 1889இல் இறந்தார்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். டேமியனிடம் இருந்த அன்பைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த அன்பின் கையில் நோயை நிறுத்தும் அறிவு இல்லை. ஹான்சன் சபையின் நம்பிக்கைகளை விட்டு விலகி டார்வினின் பார்வையை ஏற்றுக்கொண்டவர். நோயாளிகளைச் சாபத்திலிருந்து விடுவித்த உண்மையைக் கடவுள் அவர் வழியாகத்தான் தந்தார் என்று ஒரு விசுவாசியாக நான் நன்றியோடு சொல்வேன். அதே ஹான்சன், கிருமி ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்காக, இன்னொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததை ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவள் சம்மதம் கேட்காமலே ஏற்றினார். 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து மருத்துவமனைப் பதவியைப் பறித்தது. அறியவேண்டும் என்ற தாகம் எவ்வளவு உயர்ந்ததானாலும், எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு மனுஷி என்ற நினைவு விட்டுப்போனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு சாட்சி.

அன்பும் ஆராய்ச்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும்? அதற்குப் பதில் பால் பிராண்ட். 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். அவருடைய தந்தை மலேரியா முற்றி 1929இல் இறந்தார். தாய் தொண்ணூற்றைந்து வயதில் சாகும்வரை நம் மலைக்கிராமங்களில் ஊழியம் செய்தார். பால் இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலை கற்றார், பிறகு மருத்துவம் படித்து அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

வந்த கொஞ்ச காலத்தில், செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனையை அவருக்குச் சுற்றிக் காட்டினார் ராபர்ட் காக்ரேன் என்ற தோல் மருத்துவர். விரல்கள் உள்ளே மடங்கி நகம் போல் வளைந்துபோன கைகள் எங்கும் தெரிந்தன. எலும்பு மருத்துவர்கள் யாரும் ஏன் இதை ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. வளைந்த கையோடு நின்ற ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவில்லாத பிடியை எதிர்பார்த்தவருக்கு, அந்த நோயாளியின் நகங்கள் உள்ளங்கையில் பதிந்து வலியெடுத்தது. செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட கையில் இத்தனை வலு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்நாள் வேலையானது.

விடை மெல்ல மெல்லத் திறந்தது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் விரல்வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழே, உடலின் சூடு குறைந்த இடத்தில் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடமே பிடிக்கும். அங்கே நரம்பு வீங்கிச் செயலிழக்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்துபோகின்றன. முன்கையின் பெரிய தசைகளோ முழு பலத்தோடு இருக்கின்றன. அதனால்தான் விரல் மடங்குகிறது, பிடி மட்டும் வலுவாக இருக்கிறது. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் இருப்பதால், ஒன்றைப் பிரித்தெடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய், செயலிழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுக்கலாம். அப்படி அறுவை செய்து, பல வாரப் பயிற்சிக்குப் பின், பிச்சைக்கு மட்டுமே நீண்டுகொண்டிருந்த கைகள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தன, உளி பிடித்தன, எழுதின.

இன்னொரு மர்மம் பாக்கி இருந்தது. விரல்கள் ஏன் குறுகிப்போகின்றன? கெட்ட சதை, தானாக அழுகி விழுகிறது என்பதே மருத்துவர்களும் நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியைச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பிடித்துப் பார்த்தால், சதை கிழிந்து எலும்பு தெரிகிறது. பையனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு காயத்துக்கும் கணக்குக் கேட்டார்கள். சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, செருப்புக்குள் தெரியாமல் கிடந்த ஆணி என்று ஒவ்வொன்றாகக் காரணம் அகப்பட்டது. இரவில் படுக்கும்போது முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருப்பது மட்டும் புரியவில்லை. கண்விழித்துக் காவல் காத்தபோது தெரிந்தது: தூங்குகிறவனின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது, அவனுக்கு வலிக்கவில்லை. அறுவை முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் ஆளுக்கொரு பூனையோடு போனார்கள். சதையில் கெடுதல் ஒன்றும் இல்லை, காத்தால் புண் ஆறும், போனது வலி உணர்வு மட்டுமே என்பது இப்படித்தான் நிலைபெற்றது. பல தலைமுறைகள் தெய்வ தண்டனை என்று சொன்ன ஊனத்தின் காரணம் எலியும் சூடும் ஆணியுமாக இருந்தது.

இதில் விசுவாசம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முழங்கை நரம்பைப் பற்றி எந்த வசனமும் பிராண்டுக்குச் சொல்லவில்லை. எலியைக் காட்டிக்கொடுத்தது கண்விழிப்பு. ஆனால் அந்தக் கையைப் பிடிக்க அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது விசுவாசம்தான். உலகத்தில் இத்தனை மருத்துவர்கள் இருக்கையில் யாரும் போய்ப் பார்க்காத இடத்துக்குப் போகவும், போன இடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கவும், அந்தக் கைக்கு விலையுண்டு என்று நம்பவும் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை விசுவாசம் சொன்னது. அங்கே என்ன தெரிந்தது என்பதில் அது குறுக்கே வரவில்லை. இந்த எல்லையை அவர் காத்ததில்தான் என் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நம்புகிறேன்.

இந்த எல்லையை மீறும் ஆசை நமக்கு எப்போதும் உண்டு. வலி ஒரு வரம் என்று பிராண்ட் தன் அனுபவத்திலிருந்து எழுதினார். அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் இருந்த காலத்தில் செயற்கை வலி உண்டாக்கும் கருவிக்கும் முயன்றார்: கையுறையில் அழுத்தம் அளக்கும் உணரிகள், ஆபத்து வந்தால் முதலில் ஒலி, பிறகு மின்னதிர்ச்சி. நோயாளிகள் அவசரத்துக்கு அதை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள், முயற்சி கைவிடப்பட்டது. அணைக்க முடியாதது என்பதால்தான் வலி நம்மைக் காக்கிறது என்பது அதில் கிடைத்த பாடம். இதையே எடுத்துக்கொண்டு, எல்லாத் துன்பமும் நன்மைக்கே என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. நரம்பைப் பற்றிய ஆய்வு அவ்வளவு தூரம் வராது. புற்றுநோயால் இரவெல்லாம் கதறுகிற தாயின் மகளிடம் போய், வலி வரம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வலி உடலில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. இவளுக்கு ஏன் என்ற கேள்வி யோபு காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. அதற்குமுன் நாம் செய்யக்கூடியது பக்கத்தில் உட்கார்வதும், வலி மருந்து கிடைக்கச் செய்வதும்.

என் அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பரிசோதனைக்குப் போனால், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாதத்தின் ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய நைலான் இழையை அழுத்தி, "தெரியுதாம்மா?" என்று நர்ஸ் கேட்பார். பெருவிரலுக்கு அடியில் அம்மாவுக்குத் தெரிவதில்லை. அதனால் எம்சிஆர் செருப்புதான் போடுகிறார். தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரியிலும் சோதித்துச் சோதித்துப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த மென்ரப்பர் செருப்பு அது. இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கிறது. இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து, வெடிப்போ கொப்புளமோ உண்டா என்று பார்ப்பார். ஜெபத்தையும் கண்ணாடியையும் ஒன்றுக்கொன்று எதிராக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் உறவில் இன்னொருவருக்கு வேறு போதனை கிடைத்தது. மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் சொல்லக் கேட்டு நிறுத்தினார். சின்னக் காயம் புரையோடி, காலில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் என் குரல் உயரும். அவரிடம் விசுவாசம் குறைவாக இருக்கவில்லை. பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆராய்ச்சி என் நம்பிக்கையை நிரூபித்துத் தர வேண்டும் என்று நான் கேட்பதில்லை. கடவுள் உண்டு என்பதற்கு எந்த நுண்ணோக்கியும் சாட்சி சொல்லாது. இல்லை என்றும் சொல்லாது. கடவுள் படைத்த உலகம் இது என்று நான் நம்புகிறேன். அப்படி நம்புகிறவனுக்கு, அந்த உலகத்தில் உள்ளதை உள்ளபடி பார்ப்பதில் பயப்பட என்ன இருக்கிறது? பார்த்துச் சொன்னவர் நாத்திகர் என்றாலும் உண்மை உண்மைதான். நாம் விரும்பிய பதில் வராவிட்டாலும் அதுதான் பதில். ஓய்வுநாள் பள்ளியில் கேள்வி கேட்கிற பிள்ளையை, விசுவாசம் போதாது என்று உட்காரவைக்கிற வழக்கத்தை நம் சபைகள் விட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம்: மற்றவர்கள் முகம் திருப்பிக்கொள்கிற இடத்துக்குப் போகும் துணிவையும், போன இடத்தில் கண்டதை மாற்றாமல் சொல்லும் நேர்மையையும். முதலாவது இல்லாமல் அந்த நோயாளியின் கையைப் பிடிக்க யாரும் போயிருக்கமாட்டார்கள். இரண்டாவது இல்லாமல் போயிருந்தால், அந்தக் கை கடைசிவரை மடங்கியே இருந்திருக்கும்.