பிடியரிசியின் கனம்

அரிசி களைவதற்கு முன் அம்மாயி ஒரு பிடி அள்ளித் தனியே வைப்பாள். அடுப்புக்கு மேலே, புகையேறிக் கறுத்த பலகையில், மூடி தொலைந்த பால்மா டின் ஒன்று அதற்கென்றே இருந்தது. திங்கட்கிழமை முதல் பிடி விழும்போது தகரத்தில் அரிசி தெறிக்கும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். சனிக்கிழமை ஆகும்போது அரிசியின் மேல் அரிசி விழுந்து சத்தமே எழாது. ஞாயிறு காலையில் அந்த டின்னை முந்தானையால் மூடிக்கொண்டு கோயிலுக்கு நடப்பாள். வாசலோரம் இருந்த மரப்பெட்டியில் கொட்டிவிட்டு, வெறும் டின்னை மடியில் வைத்தபடி பின்வரிசையில் உட்காருவாள்.

பிடியரிசிக் காணிக்கை எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததல்ல. திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் கையில் காசு புழங்காத பெண்கள் நெடுங்காலம் கைக்கொண்ட வழக்கம் அது. காசு ஆண்களிடம் இருந்தது, உலை அவர்களிடம் இருந்தது. ஆகவே உலையிலிருந்து கொடுத்தார்கள். சபையின் ஏழைகளுக்கும் உபதேசியாரின் பிள்ளைகளுக்கும் அந்த அரிசிதான் சோறானது.

ஒரு பிடி அரிசியில் என்ன கனம் இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எங்கள் காம்பரா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. அதற்குள் ஏழு பேர் இருந்தோம். பானையில் ஒரு பிடி குறைந்தால் யாரோ ஒருவருடைய வயிற்றில் அது குறைந்தாக வேண்டும். அது எப்போதும் அம்மாயியின் வயிறாகவே இருந்தது. எங்களுக்கெல்லாம் போட்டு முடித்து, சட்டியை வழித்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவள் எழுந்து போனதை அன்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தது புரிவதற்கு எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

தமிழ் வேதாகமத்தோடு வளர்ந்தவர்களுக்குக் 'கனம்பண்ணுதல்' என்ற சொல் நாவில் ஊறியது. தகப்பனைக் கனம்பண்ண வேண்டும், தாயைக் கனம்பண்ண வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கர்த்தரைக் கனம்பண்ண வேண்டும். தமிழில் மரியாதைக்கும் பாரத்துக்கும் கனம் என்ற ஒரே சொல். எபிரெய மொழியிலும் மகிமையைக் குறிக்கும் சொல் பாரத்தைக் குறிக்கும் வேரிலிருந்துதான் வருகிறது. கொழுந்து மடுவத்தில் தராசின் முன் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கூடையில் ஏறாதது தராசில் ஏறாது. கொடுப்பவருடைய தோளில் பாரமாக இறங்காத ஒன்று கடவுளுக்குக் கனமாக ஏறும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாம் சாமுவேலின் கடைசி அதிகாரத்தில் தாவீது அரசன் ஒரு களத்தை விலைக்கு வாங்குகிறான். நாட்டில் கொள்ளைநோய். பலிபீடம் கட்ட இடம் வேண்டும். களத்துக்குச் சொந்தக்காரனாகிய அர்வனா, இடத்தையும் மாடுகளையும் விறகுக்கு நுகத்தடியையும் இலவசமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். அரசன் மறுத்துவிடுகிறான். தனக்குச் செலவில்லாத ஒன்றைத் தன் தேவனுக்குப் பலியிட அவனுக்கு மனம் வரவில்லை. ஐம்பது சேக்கல் வெள்ளியைக் கொடுத்து வாங்குகிறான். குடிமகனின் களத்தை எடுத்துக் கும்பிட அதிகாரம் இருந்தும் வேண்டாமென்ற அந்த ஒரு கணத்துக்காகவே நான் தாவீதை மதிக்கிறேன். அடுத்தவன் மாட்டை அறுத்துத் தன் பேரில் பலி கொடுக்கும் வழக்கம் உலகத்தில் மிகப் பழையது.

எங்கள் மலைகளிலும் அது நடந்தது. டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வோர்லி கிறிஸ்து ஆலயம் 1878ஆம் ஆண்டுக் கட்டடம். தோட்டத் துரைமார் தங்கள் வழிபாட்டுக்காக எழுப்பியது. கல் சுவர், வண்ணக் கண்ணாடி, பழைய மர இருக்கைகள் எல்லாம் அழகு. அங்கே நின்று நானும் ஜெபித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லுக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி அங்கே என்னை விட்டதில்லை. காசு துரைமாருடையது. அந்தக் காசு விளைந்த முதுகுகள் மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் முன்னோருடையவை. வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழுந்தவர்களுக்குக் குழி வெட்டக்கூட நேரமில்லாத நடை அது. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மீதிப் பேருக்குப் பத்து ஆண்டு கழித்து இன்னொரு பங்கு.

இவற்றையெல்லாம் மேடைகளில் 'மலையக மக்களின் தியாகம்' என்று சொல்லிக் கேட்கும்போது என் நெஞ்சு ஒப்புவதில்லை. அது தியாகம் அல்ல, பறிப்பு. தியாகம் என்றால் கொடுக்காமல் இருந்திருக்கவும் முடிய வேண்டும். வைத்துக்கொள்ள உரிமையிருந்தும் கையைத் திறப்பவன்தான் பலியிடுகிறான். மடியை அறுத்து எடுக்கப்பட்டவனைப் பார்த்து, நீ சிலுவை சுமக்கிறாய், பொறுத்துக்கொள், பரலோகத்தில் பலன் உண்டு என்று பிரசங்கிப்பது பறித்தவனுக்குத் துணைபோவதாகும். எங்கள் பிரசங்க பீடங்கள் பலமுறை அப்படித் துணைபோயின.

ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் இருப்பதை மட்டும் பலர் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை இயேசு அங்கேதான் கண்டிக்கிறார். அதைச் சொன்ன கையோடு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். அவளுடைய மனதை அவர் மெச்சினார், உண்மை. அவளிடம் மிச்சமிருந்த கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஆலயத்தை அவர் மெச்சியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

1854ஆம் ஆண்டில் காப்பித் தோட்டங்களுக்கென்று சர்ச் மிஷனரி சங்கத்தார் தொடங்கிய ஊழியத்துக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். துரைமாரில் சிலரும் பணம் கொடுத்து அதைத் தாங்கினார்கள். அந்தப் பணத்தை நான் தூக்கியெறிய மாட்டேன், பலர் எழுத்தறிந்தது அதனால்தான். ஆனால் துரையின் பணத்தில் நடக்கும் ஊழியம் துரை கொடுக்கும் கூலியைப் பற்றிப் பேசுவது கடினம். அந்த ஊழியத்தின் பாரத்தை உண்மையில் சுமந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். ஒரு குடை, ஒரு வேதப்புத்தகம், அட்டை கடித்த கால். பிரட்டுக்கு ஆட்கள் திரளும் விடியலிலும், கொழுந்து நிறுத்து முடிந்த அந்தியிலும் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அநேகருடைய பெயர்கள் எந்த ஆலயத்தின் பளிங்குப் பலகையிலும் இல்லை.

நடந்தவர்களில் பெயர் நின்றவரும் ஒருவர் உண்டு, அவர் தேயிலைக்கு நெடுங்காலம் முந்தியவர். கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் வேடத்தில் இலங்கையில் கால் வைத்தார். கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்தங்களே கைவிட்டு ஓடினார்கள். அவரும் அவருடைய மருமகனான கர்வாலோ என்ற குருவும் கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போய்க் கழுவினார்கள், ஊட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். யார் என்ன சமயம் என்று கேட்கவில்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்புக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது காலிமுகத்திடல் நிறைந்து வழிந்தது. அந்தக் கூட்டத்தைக் காட்டிலும், சீழ் வடியும் உடம்பைத் தொட்ட அந்தக் கைகளையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போகலாம் என்ற வழி அவருக்கும் திறந்தே இருந்தது.

வழி திறந்திருந்தும் ஓடாதவர்கள் என் காலத்திலும் இருந்தார்கள். லியோ நாணயக்கார ஆயர் 1959 முதல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயர். நுவரெலியாவும் ஹட்டனும் அதற்குள்தான் வருகின்றன. 1972இல் கண்டியிலிருந்து பிரித்துப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, பழைய பேராலயமும் பேர்பெற்ற பள்ளிகளும் உள்ள கண்டியை விட்டு, ஒன்றுமில்லாத ஊவாவின் பதுளைக்குத் தாமே போனார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பெரிய நாற்காலியிலிருந்து சிறிய நாற்காலிக்கு மனமொப்பி இறங்கும் மனிதரை நாம் அடிக்கடி காண்பதில்லை. திருச்சபையிலும் காண்பதில்லை.

அதே 1972இல் கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கினார். ஒக்ஸ்போர்டில் படித்தவர். தமிழ் அவருடைய தாய்மொழி அல்ல. வசதியான கல்லூரி ஒன்றில் மரியாதையோடு காலம் தள்ளியிருக்கலாம். அவர் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பார்க்கும் ஒரு வீட்டை அமைத்து, அதிலிருந்து தோட்ட மக்களின் குடியுரிமைக்காகவும் கூலிக்காகவும் பேசினார். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் அவருடைய முயற்சியில் உருவானது. நாடற்ற தமிழனுக்காகப் பேசுவது சொந்தச் சமூகத்திலும் சொந்தச் சபையிலும் நண்பர்களை இழக்கச் செய்த காலம் அது. 2017இல் காலமாகும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. எங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் பலர். நீங்கள் கஞ்சிக்கு வரிசையில் நிற்க வேண்டிய மக்கள் அல்லர் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். இரண்டாவதைத்தான் நான் கனமான ஊழியம் என்பேன், அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

2023இல், எங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடியும் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடையை முன்னின்று ஒழுங்குசெய்தவர்களில் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. நடந்தவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள் எல்லோரும் இருந்தார்கள். பாதங்கள் கொப்பளித்தன. அதை நான் வழிபாடு என்றே எண்ணுகிறேன்.

இன்று லயங்களுக்குள் வேறொரு பிரசங்கமும் வருகிறது. கொடு, நூறு மடங்காகக் கிடைக்கும். தசமபாகம் தவறினால் ஆசீர்வாதம் தடைப்படும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரை நாள் சம்பளத்துக்கு 'அரைப் பேர்' போட்டு அனுப்பப்படுகிறவர்கள். அவர்களிடம் பத்தில் ஒன்றை அச்சமூட்டி வாங்கி ஒலிபெருக்கி வாங்குவது எந்தத் தேவனைக் கனம்பண்ணுகிறது? இதைக் கேட்க எனக்கும் பெரிய உரிமை இல்லை. தோட்டத்துப் பள்ளியில் படித்துக் கொழும்புக்கு இறங்கியவன் நான். அங்கிருந்து மாதாமாதம் அனுப்பிய காணிக்கை என் சம்பளத்தில் தெரியாத அளவுக்கே இருந்தது. பாரம் தெரியாத அந்தக் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

தூங்காதவர்கள் மேலே மலையில் இருக்கிறார்கள். மழையிரவில் பிரசவ வலி கண்டவளை நாற்காலியில் கட்டித் தூக்கி, சறுக்கும் படிகளில் றோட்டு வரைக்கும் இறக்குகிற இளைஞர்கள். சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பெரிக்கிற பக்கத்துக் காம்பராக்காரி. மறுநாள் பேர் போய்விடும் என்று தெரிந்தே ஆஸ்பத்திரியில் அடுத்தவர் பிள்ளைக்குக் காவல் இருக்கிற கிழவி. இவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். தாம் கிறிஸ்துவின் ஊழியத்தைச் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும் என்று நான் விசுவாசிக்கிறேன்.

1974இல் எங்கள் டின்னில் அரிசி இல்லாமல் போயிற்று. பங்கீட்டு அரிசி சுருங்கி, தோட்டத்தில் வேலை நாட்களும் குறைந்த பஞ்ச காலம். கீரையையும் கிழங்கையும் தேடி மலையெல்லாம் அலைந்தார்கள். எங்கள் லயத்திலேயே இரண்டு முதியவர்கள் அந்த ஆண்டில் ஒடுங்கிப் போனார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அம்மாயி டின்னை எடுத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, வெறுங்கையோடு போனாலும் வெறும் டின்னோடு போகணும், அவருக்குத் தெரியட்டும் என்றாள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வாசலில் நின்றார். மெலிந்த மனிதர், நாலு பிள்ளைகள். மரப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். நல்ல நாட்களில் சேர்ந்த பிடியரிசியில் அடியில் மிஞ்சியிருந்தது, அவர் வீட்டுக்கு உரிய பங்கு. வந்தவர்களுடைய பாத்திரத்தில் ஆளுக்கு இரண்டு பிடி போட்டார். வேண்டாம் உபதேசியாரே, புள்ளைங்களுக்கு வையுங்க என்று அம்மாயி டின்னைப் பின்னால் ஒளித்தாள். தாங்க அக்கா, உங்க அரிசிதானே என்று வாங்கிப் போட்டார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று பெட்டியின் மூலையிலிருந்ததைக் கையால் கூட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அம்மாயி அந்த அரிசியை முறத்தில் கொட்டிப் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி எட்டிப் பலகையில் இருந்த டின்னுக்குள் போட்டாள். தகரத்தில் அரிசி தெறித்த சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டிருக்கும்.