இல்லாததன் அடையாளம்

கனடாவிலிருக்கும் நண்பர் ஒரு பழைய ரைஃபிளின் படம் அனுப்பி, முனையில் என்ன உடைந்திருக்கிறது என்று கேட்டிருந்தார். லீ என்ஃபீல்ட் மார்க் மூன்று. 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. ஈஷாப்பூரிலும் செய்தார்கள், நம் போலீஸ்காரர் தோளில் பார்த்த.303 இந்த வம்சம்தான். (ஆயுத மோகம் எனக்கில்லை. கேள்விதான் விடவில்லை.)

அபாவத்தை அறிய, எது இல்லையோ அதை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது நையாயிகர் வாதம். குழல்முனை விஷயத்தில் இது அப்பட்டமான உண்மை. மார்க் மூன்றில் மரம் குழலின் வாய்வரை ஓடும். அதன் நுனியில் நோஸ்கேப் என்ற இரும்புக் கவசம். முன்குறியைக் காக்க இரு காதுகள், வாய்க்குக் கீழே ஒரு குமிழ். பயனெட்டின் வளையம் அந்தக் குமிழில்தான் மாட்டும். குழலை அது தொடாது. கவசம் மட்டும் போயிருந்தால், அது உட்கார்ந்திருந்த இடத்தில் எண்ணெயும் வெயிலும் படாத வெளிறிய மரமும், குறுக்கே ஒரு திருகுத் துளையும் எஞ்சியிருக்கும். ஆனால் பின்னால் வந்த நான்காம் எண் ரைஃபிளில் குழல் மரத்தைத் தாண்டி வெறுமையாக நீண்டிருக்கும். பயனெட் குழலிலேயே மாட்டும். அங்கே வெறுமை குறையாகாது. ஜெர்மன் மௌசர் 98கே-யில் முன்குறிமேல் ஒரு சிறு தகட்டு மூடி வரும். தொடக்க காலத்தவற்றில் அதுவே கிடையாது. மூடி நழுவி ஏறும் பள்ளங்கள் இருந்தால்தான் 'காணோம்' என்ற சொல்லுக்கு அர்த்தம்.

நண்பருடையதில் எதுவும் உடையவில்லை, அறுத்திருக்கிறார்கள். போருக்குப் பின் உபரியாக மலிவாய் விற்றவற்றை வாங்கியவர்கள், மான் வேட்டைக்காக முன்மரத்தைப் பாதியில் வெட்டி நோஸ்கேப்பைத் தூக்கியெறிந்தார்கள். எறியப்பட்டது பதினேழு அங்குலக் கத்தி உட்காரும் இடம். மனிதனை மனிதன் கைக்கெட்டும் தூரத்தில் குத்துவதற்கான இடம். அறுத்தவன் அகிம்சையை நினைத்திருக்க மாட்டான். பாரம் குறைய வேண்டும், அவ்வளவுதான். இருந்தும் அந்த வெட்டு இப்போது ரைஃபிளின் சரித்திரத்தில் ஒரு வரி.

நண்பர் அதை 'முழுமை' ஆக்க விரும்புகிறார். முழுமை என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. எந்த வருஷத்து முழுமை? பல நோஸ்கேப்புகளில் ரைஃபிளின் எண்ணே பொறித்திருக்கும். வேறொன்றிலிருந்து கழற்றிய கவசம் அந்நிய எண்ணோடு வரும். சிலர் அதை அரத்தால் தேய்த்துவிட்டுத் தங்கள் ரைஃபிளின் எண்ணை அடித்துக்கொள்கிறார்கள். வங்கிக் கவுண்ட்டரில் கிழிந்த நோட்டு வந்தால் இரு பாதியிலும் எண் ஒன்றுதானா என்று முதலில் பார்ப்பது என் பிழைப்பு. இரு வேறு நோட்டுகளின் பாதிகளை ஒட்டிக் கொண்டுவருபவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எண்ணைத் திருத்துகிறவன் விஷயம் வேறு. அவன் இன்மையை மறைப்பதோடு, இன்மை இருந்ததற்கான சாட்சியையும் அழிக்கிறான்.

அறுத்ததை அறுத்தபடி விடலாம் என்று எழுதினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மரத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம். நோஸ்கேப் கிடைத்தால் அதிலிருக்கும் எண்ணைத் தொடாதீர்கள் என்று மட்டும் மறுபடி எழுதியிருக்கிறேன்.